நாலு டேப், பதினெட்டு அங்குலம்

கோயம்புத்தூருக்குக் குடி போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அவ்வளவு நாளும் நான் சொன்ன பதில் ஒன்றேதான். முடியாது. ஏன் முடியாது என்று ஊரில் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. என் பெரிய பெண்ணை எங்கள் பங்குக் கல்லறையில் வைத்திருந்தோம். அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

வில்லியனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம் எங்கள் ஊர். கோயிலைச் சுற்றி மூன்று தெரு, பின்னால் கரும்பு, அதற்கும் பின்னால் ஆறு. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அளவில் நான் தப்பினேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் சண்டைக்குப் போவேன், அது வேறு விஷயம். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் டர்னர். அவரும் அளவுக்காரர்தான். ஆனால் அவருடைய அளவு கண்ணுக்கே தெரியாத அளவு, அதை வைத்து ஒரு கொக்கியைக்கூடச் சரியாகத் தைத்துவிட முடியாது என்று கேலி செய்வேன். அப்போதெல்லாம் கேலி செய்துகொள்கிற வீடாகத்தான் இருந்தது.

பெரியவளுக்கு ஏழு வயது. மழைக்காலத்துக் காய்ச்சல். ஐந்தே நாள். ஆறாம் நாள் அவளை வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பூசை முடிவதற்குள் நான் விழுந்துவிட்டேன். பெண்கள் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள். அதனால் அடக்கத்தை நான் பார்க்கவில்லை. பெட்டியை அவரே இரண்டு கையில் ஏந்திக்கொண்டு போனாராம். சின்னப் பெட்டி, நாலு ஆள் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள்தான் நான் போய் இடத்தைப் பார்த்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இதுதாம்மா" என்றார்.

எங்கள் கல்லறையில் ஒரு வழக்கம் உண்டு. வெளி ஊர்க்காரர்களுக்கு அது புரியாது. இடம் கொஞ்சம்தான், அதனால் யாருக்கும் சிமெண்ட் கட்டக் கூடாது. மண்மேடுதான், தலைமாட்டில் ஒரு மரக் குருசு. வருஷா வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வீட்டுக்காரர்கள் வந்து மண் கூட்டி, குருசுக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போவார். யாரும் வராத மேடு ஒரு மழை, இரண்டு மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிடும். தரையாகிவிட்டால் அது வெற்றிடம். அடுத்து சாகிறவர்களுக்கு அங்கே தோண்டுவார்கள். யார் மேலும் தப்பில்லை, இடம் அவ்வளவுதான். நானே சின்ன வயசிலிருந்து பார்த்து வந்த வழக்கம். என் பிள்ளையை அங்கே வைத்த பிறகுதான் அது எனக்குப் பயமாக மாறியது.

அந்தப் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். முதல் மாசமே இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய், ரோட்டோரச் சுவரிலிருந்து அவள் தலைமாட்டுக் குருசு வரைக்கும் அளந்தேன். நாலு முழு டேப்பும் பதினெட்டு அங்குலமும். ஜாக்கெட் அளவு எழுதுகிற நோட்டில் அவளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வைத்தேன். முன் பக்கத்தில் யாரோ ஒரு டீச்சரின் மார்பளவு, கைச்சுற்று. பின் பக்கத்தில் என் மகள். அதைப் பார்த்த அன்றைக்கு அவர் பட்டறைக்குப் போகவில்லை.

அடுத்த வருஷம் பட்டறை முதலாளி எல்லாவற்றையும் கோயம்புத்தூருக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். வருகிறவர்களுக்கு அங்கே வேலை உண்டு, வராதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இங்கே வேறு பட்டறைகளில் கேட்டுப் பார்த்தார், ஒன்றும் அமையவில்லை. போய்த்தான் ஆகவேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் முடியாது என்றேன்.

"வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு வந்துடலாம்மா" என்றார் அவர்.

"வருசத்துக்கு ஒருவாட்டி வந்து பாக்க அவ இன்னா தூரத்துச் சொந்தமா? நடுவுல மழ பேஞ்சா யாரு மண்ணு கூட்டுவாங்க?"

சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் நான் கூடையும் மண்வெட்டியுமாகப் போய்க்கொண்டுதான் இருந்தேன். பக்கத்து மேடுகளெல்லாம் கரைந்து கிடக்கும், அவளுடையது மட்டும் அன்றைக்குப் போட்டது போல இருக்கும். மற்ற எதையும் என்னால் அவளுக்குச் செய்ய முடியவில்லை. இதையாவது செய்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் வீடு பார்த்துவிட்டு வரலாம் என்று கெஞ்சிக் கூத்தாடி என்னையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போனார். சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. சிங்காநல்லூர் பக்கம் மாடியில் இரண்டு அறை வீடு. குழாயைத் திறந்தால் ஐஸ் தண்ணீர் மாதிரி ஜில்லென்று வந்தது. சின்னவள் கையை நனைத்துக்கொண்டு சிரித்தாள். மெஷின் போடுகிற மாதிரி ஜன்னலோரம் வெளிச்சமான இடம் இருந்தது. மறைத்து என்ன, வீடு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. மோர் கொண்டு வந்து கொடுத்தார். நான் "இன்னா வாடகக்கா?" என்று கேட்டதும், "இன்னாங்களா? உங்க ஊர்ல அப்படித்தான் பேசுவீங்களாங் கண்ணு?" என்று வாய்கொள்ளாமல் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்தபடியாக எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "ஒரு பொண்ணுங்க."

என் கையிலிருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்காரம்மாவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்தபிறகு என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஒண்ணா? ஒண்ணா? எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"கேக்குறவங்ககிட்ட எல்லாம் நின்னு அழுதுகினே கத சொல்ல முடியுமா? மோரு குடுத்தாங்க பாவம், அவங்க மூஞ்சி இன்னா ஆவும்?"

"அழச் சொன்னனா நான்? ரெண்டுன்னு சொல்லுங்க. ஒண்ணு இங்க இருக்கு, ஒண்ணு ஊர்ல இருக்குன்னு சொல்லுங்க. அவ்ளோதானே? பெட்டிய தூக்கினு போன கைதானே இது? ஒண்ணாம்!"

நடுத்தெருவில் அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். சின்னவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை பேசிக்கொண்டே வந்தேன். ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் எனக்கு ஒன்றுதான் ஓடியது. எங்கள் ஊரில் என்னை யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். காய் விற்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும் எனக்கு இரண்டு பெண் என்று. இங்கே வந்தால் அவள் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். அவளை இன்னொரு தரம் சாகக் கொடுக்க என்னால் முடியாது.

அவர் தனியாகப் போனார். பட்டறை ஆள்கள் நாலு பேரோடு ஓர் அறை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். சின்னவளிடம் பேசுவார், அப்புறம் என்னிடம் கேட்பார், "வாயேன்மா." நான் முடியாது என்பேன். அது எங்களுக்குள் ஞாயிறு பூசை மாதிரி ஆகிப்போனது. சின்னவள், "அப்பா எப்ப வரும்?" என்று கேட்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது. அதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன், அடித்தும் இருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அந்த வருஷக் கார்த்திகையில் புயல் வந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. ஏரியும் நிரம்பி, ஆறும் கரையேறி, கல்லறைக்குள் நாலு நாள் தண்ணீர் நின்றது. ரோட்டோரச் சுவர் முழுசும் சாய்ந்துவிட்டது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் மேடே இல்லை, எல்லாம் ஒரே சேறு. மரக் குருசுகள் மிதந்து போய் முள்ளுச்செடிகளில் மாட்டிக்கொண்டிருந்தன. அவற்றைக் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நடுவில் நிற்கிற பெரிய கல் குருசின் அடியில் குவித்து வைத்தார். பெயின்டில் எழுதிய பேர்கள் பாதிக்கு மேல் அழிந்திருந்தன. என் பெண்ணின் குருசு கிடைக்கவே இல்லை.

ஜனங்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இது எங்கப்பா இடம், இல்லை எங்க சின்னம்மா இடம் என்று சண்டை வேறு. நான் அழவில்லை. "எங்கிட்ட அளவு இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. ஊரில் எல்லோரும் தங்கள் பிணங்களைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள், நான் ஒருத்திதான் தொலைக்கவில்லை. அளக்கச் சுவர் வேண்டும், அதனால் காத்திருந்தேன். தை மாசம் சுவரைப் புதுசாகக் கட்டி முடித்தார்கள். சுண்ணாம்பு காய்வதற்கு முன்னே டேப்பும் நோட்டுமாகப் போய்விட்டேன்.

போவதற்கு முன் போனில் அவரிடம் சொன்னேன். "பெரிய குருசுலேர்ந்தும் ஒருவாட்டி நடந்து பாரு. பதினோரு நட வரும், அங்கேர்ந்து ஆத்துப் பக்கமா ரெண்டு" என்றார். அடக்கத்தன்று பெட்டியோடு நடந்தவர் அவர். அவருக்கு அப்படித்தான் ஞாபகம்.

"உங்க நடையும் நீங்களும்! டேப்பு பொய் சொல்லுமா?"

"ஈஸ்டருக்கு லீவு கேட்டிருக்கேன். நான் வர்ற வரைக்கும் இரேன்."

நான் இருக்கவில்லை. புதுச் சுவரில் டேப்பின் நுனியை வைத்து, சின்னவளை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நாலு டேப்பும் பதினெட்டு அங்குலமும் அளந்தேன். அந்த இடத்தில் மண் கூட்டினேன். ஆசாரியிடம் புதுக் குருசு செய்யச் சொல்லி நட்டேன். அன்றைக்கு வெகுநாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன். ஈஸ்டருக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

ஆடி மாசம் தெற்குத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவருக்கு என் மேட்டை ஒட்டி, சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் வெறுந்தரையாகக் கிடந்த இடத்தில் குழி எடுத்தார்கள். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அவருடைய மகள் சொந்தக்காரர்களோடு வந்தாள். என்னை விட நாலைந்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் கொண்டுவந்த மாலைகள் சரிந்து என் பெண்ணின் மேட்டில் விழுந்தன. யாரோ ஒருத்தர் மேட்டின் ஓரத்தில் காலை வைத்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், எப்போதுதான் அங்கே இல்லை?

"எம் பொண்ணு எடத்துல காலு வெக்காதீங்க! உங்களுக்குக் கண்ணு தெரியலியா? வாழ்ந்து முடிச்சவருக்கு இவ்ளோ மால, வாழாத புள்ள மேல மிதிக்கிறீங்களே!"

அப்பனைப் பறிகொடுத்து முப்பது நாள்தான் ஆகியிருந்தது அந்த அக்காவுக்கு. "சரிம்மா, சரிம்மா" என்று மாலைகளை எடுத்துத் தன் பக்கம் வைத்தாள். அதற்கப்புறமும் எனக்கு அந்தப் பெரியவர் மேல் மரியாதை வந்துவிடவில்லை. சுண்ணாம்பு வாளியையும் மண்வெட்டியையும் அவருடைய மேட்டின் மேல்தான் வைத்துக்கொண்டு வேலை செய்வேன்.

கல்லறைத் திருநாளுக்கு என் வீட்டுக்காரர் வந்தார். இளைத்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, முழங்காலில் இருந்து ஜெபம் சொன்னோம். பிறகு அவர் எழுந்து பெரிய குருசு வரைக்கும் போனார். அங்கிருந்து தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகத் திரும்பி வந்தார். ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். என் மேடு வரைக்கும் வராமல் சுவர்ப் பக்கமே நின்றுவிட்டார். குழி எடுக்கிற வெட்டியாளைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் ஒரு மெழுகுவத்தியை எடுத்து அந்தப் பெரியவரின் மேட்டில் ஏற்றி வைத்தார்.

"இன்னாங்க, புதுசா சொந்தம் புடிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்துல இருக்காரு. ஒண்ணு வெச்சா இன்னா?"

அந்தத் தரம் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போன பிறகு அவர் "வாயேன்மா" என்று கேட்பதை விட்டுவிட்டார். ஒரு ஞாயிறு கேட்கவில்லை, இரண்டு ஞாயிறு கேட்கவில்லை. சின்னவளோடு பேசுவார், சாப்பிட்டியா என்பார், வைத்துவிடுவார். கிறிஸ்மஸுக்கு வந்தபோதும் கேட்கவில்லை. முடியாது என்று சொல்வதற்குக்கூட எனக்கு வாய்ப்புத் தரவில்லை. அங்கே யாராவது அமைந்துவிட்டார்களோ என்று புத்தி கோணலாகப் போனது. மெஷினை மிதித்துக்கொண்டே அழுவேன். துணியில் கண்ணீர் விழுந்து கறையாகிவிடப் போகிறதே என்று தள்ளி உட்கார்ந்து அழுவேன். நானே துரத்திவிட்டேன், இப்போது அழுதால் ஆச்சா என்றும் தோன்றும்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயந்திரம் சிலுவைப்பாதைக்கு முன் சின்னவளைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். ரோட்டோரம் வாய்க்கால் எடுக்க ஜேசிபி தோண்டிப் போட்டிருந்தது. சுவருக்கு வெளியே, ரோட்டை ஒட்டி, செங்கல்லும் கருங்கல்லுமாக ஒரு வரிசை மண்ணுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தது. சின்னவள் அதன் மேல் ஏறி, கையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

"எறங்குடி, கால ஒடச்சிக்கப் போற" என்றேன்.

கேட்டைத் திறந்துகொண்டிருந்த கோயில்பிள்ளை, "இருக்கட்டும்மா, பழைய சொவுத்துக் கடக்கால்தான், ஒண்ணும் ஆவாது" என்றார்.

"எந்தச் சொவுரு?"

"வெள்ளத்துல விழுந்துச்சே, அந்தச் சொவுருதான். ரோடு அகலமா வேணும்னு, புதுச தள்ளி உள்ள கட்டிட்டாங்களே. நாலடி இருக்கும்."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். பையில் டேப் இருந்தது, எப்போதும் இருக்கும். பழைய அஸ்திவாரத்திலிருந்து புதுச் சுவர் வரைக்கும் அளந்தேன். நாற்பத்தெட்டு அங்குலம். சரியாக நாலடி. உள்ளே போய் என் மேட்டின் குருசிலிருந்து சுவரை நோக்கி நாற்பத்தெட்டு அங்குலம் அளந்தேன். டேப்பின் நுனி அந்தப் பெரியவரின் மேட்டில் நடுவாக விழுந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் மண் கூட்டியதும், கட்டிக்கொண்டு அழுததும், சின்னவளின் பரீட்சை மார்க்கையெல்லாம் சொன்னதும் வேறு எதனிடமோ. அதன் அடியில் யாரும் இல்லாமல்கூட இருக்கலாம். என் பெண் இருந்த இடம் தரையாகக் கிடந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அதைத் தரையாகக் கிடக்க விட்டிருக்கிறேன். தரையாகக் கிடந்ததால் வெற்றிடம் என்று தோண்டிவிட்டார்கள். எது நடந்துவிடும் என்று பயந்து புருஷனைத் தனியாக அனுப்பினேனோ, அதை என் கையாலேயே நடத்தி வைத்துவிட்டேன். ஆண்டவரே, என்ன ஜென்மம் நான்.

அங்கேயே உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். வேலை நேரம், பின்னால் லேத்து ஓடுகிற சத்தம் கேட்டது.

"சொவுர தள்ளிக் கட்டியிருக்காங்க" என்றேன்.

சத்தத்தை விட்டு அவர் வெளியே நடந்து வருவது தெரிந்தது. வந்ததும், "யாரும்மா சொன்னாங்க?" என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"கல்லறைத் திருநாளுக்கு வந்தப்பவே. நடந்து பாத்தேன். அப்புறம் வெட்டியாளக் கேட்டேன். குழி எடுக்கும்போது சின்னப் பெட்டிப் பலக வந்துச்சாம். பழைய எடமாக்கும்னு நெனச்சி, எடுத்ததெல்லாம் வெள்ளத் துணியில கட்டி, அதே குழியில அடியில வெச்சிட்டுத்தான் பெரியவர எறக்குனாங்களாம். ஒண்ணும் வெளிய போவலம்மா. எல்லாம் அங்கயேதான் இருக்கு."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. "அஞ்சு மாசமா வாயத் தொறக்காம இருந்தீங்களா? நான் பைத்தியம் மாதிரி இங்க மண்ணு கூட்டிகினு கெடக்குறேன், பாத்துகினு இருந்தீங்களா?"

"இன்னான்னு சொல்றது? சொன்னா நீ இங்க வந்துடுவ. எனக்குத் தெரியும். அவ இல்லேன்னு ஆனாத்தான் நீ எங்கிட்ட வருவேன்னா, அப்பிடி நீ வர வேணாம்னு இருந்தேன். அதான் கேக்குறதயும் வுட்டுட்டேன்."

அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை. முடியாது முடியாது என்று ஞாயிறுதோறும் சொன்னவளை மடக்குகிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை அவரிடம் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் மறுநாளே நான் மூட்டை கட்டியிருப்பேன். நாலு பேரோடு படுக்கிற அறையில் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அவள் அவருக்கும் மகள்தான் என்பதை நான் எந்த நாளில் மறந்தேன்?

சின்னவள் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். "அப்பாவா? எப்ப வரும்?" என்றாள்.

"அப்பா வராது. நாம போலாம்" என்றேன். போனில் அவர் அழுகிற சத்தம் கேட்டது.

பள்ளிக்கூடம் முடிந்ததும் கிளம்புவது என்று முடிவானது. தைக்க வாங்கியிருந்த துணிகளையெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டேன். மெஷினைப் பிரித்துச் சாக்கில் கட்டியாயிற்று. ஒரே ஒரு காரியம் பாக்கி. தெற்குத் தெருவுக்குப் போக வேண்டும். மூன்று நாள் கிளம்பிக் கிளம்பி வாசலோடு நின்றேன். நான் திட்டிய திட்டு எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. நாலாம் நாள் காலையில், இனிமேல் நின்றால் போகவே மாட்டேன் என்று செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தேன்.

அந்த அக்கா கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் கொஞ்சம் பயம் தெரிந்தது. என்னைப் பார்த்து ஒருத்தர் பயப்படுகிற மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன்.

"இன்னாம்மா? ஊருக்குப் போறீங்களாமே" என்றாள்.

"அக்கா, நான் அன்னிக்கு உங்கள அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது."

"அது கெடக்குது வுடு. புள்ளையப் பறிகுடுத்தவ நாலு வார்த்த பேசத்தான் பேசுவா."

"இல்லக்கா. நான் மண்ணு கூட்டுன எடம் எம் பொண்ணு எடமே இல்ல. அளவு தப்பிப்போச்சி." அந்த வார்த்தையை நான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "எம் பொண்ணு உங்க அப்பாவுக்குக் கீழ இருக்கா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கொல்லையில் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதை மூடவில்லை.

"நான் வருவேன்க்கா. கல்லறைத் திருநாளுக்கு எப்பாடு பட்டாவது வந்துடுவேன். ஆனா ஒரு வருசம் வர முடியாமப் போச்சின்னா... நடுவுல மழ பேஞ்சா... நீங்க உங்க அப்பாவுக்கு மண்ணு கூட்டும்போது..." யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத வாய். "ஒரு மெழுகுவத்தி சேத்து வெச்சிடுங்கக்கா. சின்னதா இருந்தாப் போதும்."

அந்த அக்கா என் இரண்டு கையையும் தன் ஈரம் காயாத கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஜெபம் சொல்லும்போது எங்கப்பா பேரோட சேத்து சொல்லணுமில்ல" என்றாள். "பாப்பா பேரு இன்னாம்மா?"

சொன்னேன். அவள் சரியாகச் சொல்கிறாளா என்று திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவள் சொன்னாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.